வாட்ஸ்அப்பை விட்டுப் போனவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் விதிமாற்றப் பரபரப்பில் உங்கள் குடும்பக் குழு மொத்தமாக சிக்னல் என்ற இன்னொரு செய்திச் செயலிக்கு மாறியது, மாசி பிறப்பதற்குள் ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள். இப்போது எங்காவது தகவல் திருட்டு என்று செய்தி வந்தால் தம்பி எல்லாச் செயலிகளையும் நீக்கச் சொல்கிறான், அப்பா “மறைக்க நம்மிடம் என்ன ரகசியம் இருக்கிறது?” என்கிறார். மக்களுக்குத் தனியுரிமையில் உண்மையாகவே அக்கறை உண்டா, இல்லை எல்லாம் ஒரு வாரத்துப் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஊரைப் பற்றியது போல இருந்தாலும், வீட்டில் இதைப் பேசிப் பயன் உண்டா, உண்டென்றால் எதில் தொடங்குவது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். வங்கித் துறையில் தகவல் பாதுகாப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்தேன். இப்போது கல்லூரிகளிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலும் இதைப் பற்றி வகுப்பு எடுக்கிறேன். நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆகவே சட்டம் பற்றிச் சொல்லும்போது ஒரு வாடிக்கையாளர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் அந்த ஜனவரியில் நடந்ததைச் சரியாகப் பார்த்துவிடுவோம். மாதத்தின் முதல் வாரத்தில் திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்தது: பிப்ரவரி 8-க்குள் புதிய விதிகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜனவரி 7 அன்று ஈலோன் மஸ்க் சிக்னலைப் பயன்படுத்தச் சொல்லி ஒரு வரி எழுதினார். கூட்டம் அலைமோதியதில் ஜனவரி 15 அன்று சிக்னல் செயலிழந்தது; முழுதாக எழுந்து நிற்க ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. டெலிகிராமில் 72 மணி நேரத்தில் இரண்டரைக் கோடிப் பேர் புதிதாகச் சேர்ந்ததாக அதன் நிறுவனர் அறிவித்தார். வாட்ஸ்அப் நம் நாட்டுப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது, கெடுவை மே 15-க்குத் தள்ளியது, ஏற்காதவர்களின் வசதிகளைக் குறைக்கப்போவதாகச் சொன்னதையும் பிறகு கைவிட்டது. ஆகவே அந்த ஒரு வாரக் கோபம் வீண் போகவில்லை. உலகம் முழுக்கச் சேவை நடத்தும் ஒரு நிறுவனம் பின்வாங்கியது.

ஆனால் அந்தக் கோபத்தின் உள்ளடக்கம் பெரும்பாலும் தவறாக இருந்தது. நம் செய்திகளை இனி வாட்ஸ்அப்பின் உரிமையாளரான பேஸ்புக் படிக்கும் என்றுதான் குழுக்களில் பரவியது. தனிநபர்களும் நண்பர்கள் குழுக்களும் பேசிக்கொள்வது 2016 ஏப்ரலிலிருந்தே அனுப்புபவர், பெறுபவர் இருவரின் போன்களில் மட்டும் திறக்கும்படி மறையாக்கம் செய்யப்படுகிறது. புதிய விதி அதைத் தொடவில்லை. மாற்றம் பெரும்பாலும் வணிக நிறுவனங்களோடு நாம் நடத்தும் உரையாடல்களைப் பற்றியது. நம் போன் எண், வாட்ஸ்அப்பைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினோம் என்பன போன்ற விவரங்களை பேஸ்புக்கோடு பகிரும் ஏற்பாடு 2016 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. அப்போது மறுப்பதற்கு 30 நாள் அவகாசமும் கொடுத்தார்கள். இரண்டு மாணவர்கள் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஊர் அதைக் கவனிக்கவில்லை. 2016-ன் அந்த அறிவிப்பில் ஒரு சின்னப் பெட்டியில் இருந்த குறியை எடுத்துவிடும் வசதி இருந்தது. அது இருந்த இடமே பலர் கண்ணில் படவில்லை. 2021-ல் கேள்வி திரையை அடைத்துக்கொண்டு, கெடுத் தேதியோடு வந்து நின்றது. விஷயத்தின் கனத்தைவிட அது கண்முன் எப்படி வந்து நிற்கிறது என்பதுதான் மக்களின் எதிர்வினையைத் தீர்மானிக்கிறது. இதை நான் பணியிலும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதே 2021 விதிமாற்றத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம், இப்போது மெட்டா என்று பெயர் மாறியிருக்கும் பேஸ்புக் நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது 2024 நவம்பரில். எத்தனை குடும்பக் குழுக்களில் அது பேசப்பட்டது?

இன்னொன்றும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வாரம் பாதுகாப்பு தேடி டெலிகிராமுக்குப் போனவர்கள் வாட்ஸ்அப்பில் இருந்த காப்பையும் இழந்தார்கள். டெலிகிராமில் சாதாரண உரையாடல்கள் அந்த முழுநீள மறையாக்கத்துக்குள் வருவதில்லை. ரகசிய உரையாடல் என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு, அதுவும் இரண்டு பேருக்கிடையில் மட்டும். குழுக்களுக்குக் கிடையவே கிடையாது. சிக்னலுக்குப் போனவர்கள் சரியான இடத்துக்குத்தான் போனார்கள்.

அப்படியானால் ஏன் திரும்பினார்கள்? உங்கள் சித்தியோ மாமாவோ மனம் மாறியதால் திரும்பவில்லை. பிள்ளையின் வகுப்புக் குழு வாட்ஸ்அப்பில் இருக்கிறது. தண்ணீர் லாரிக்காரர், தையற்கடை, ரத்தப் பரிசோதனை முடிவு அனுப்பும் ஆய்வகம், குடியிருப்போர் சங்கம் எல்லாம் அங்கேதான். செய்திச் செயலி என்பது தனி ஒருவர் முடிவெடுத்து மாற்றிக்கொள்ளும் பொருள் இல்லை. மறுமுனையில் இருப்பவர்களும் கூடவே நகர வேண்டும். இருபது பேர் நகர்ந்து இருநூறு பேர் நகராமல் போனால் அந்த இருபது பேருக்கு இரண்டு செயலிகளைப் பார்க்கும் வேலைதான் மிச்சம். இதை அக்கறையின்மை என்று எழுதிவைத்துவிட்டு அதன்மேல் முடிவு கட்டுவது நியாயமில்லை.

ஆராய்ச்சியாளர்களிடமும் இந்த விவாதம் இருக்கிறது. கேட்டால் கவலை என்கிறார்கள், செயலில் காட்டுவதில்லை என்ற முரணை 2000-களின் நடுவிலிருந்தே எழுதிவருகிறார்கள். முரண் இருப்பது உறுதி. அதற்குக் காரணம் அக்கறையின்மையா என்பதில்தான் கருத்து பிரிகிறது. அக்கறையின்மை இல்லை என்ற பக்கத்தில் நிற்பவன் நான். எனக்கு வலுவாகத் தெரியும் சான்று ஆப்பிள் செய்த ஒரு மாற்றம். 2021 ஏப்ரலில் ஐபோனில் ஒரு கேள்வி வந்தது: இந்தச் செயலி மற்ற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா? அனுமதிக்க ஒரு பொத்தான், வேண்டாம் என்று சொல்ல அதே அளவில் இன்னொரு பொத்தான். பெரும்பாலானோர் வேண்டாம் என்றார்கள். அந்த மாற்றத்தால் 2022-ல் தமக்கு ஏறக்குறைய ஆயிரம் கோடி டாலர் வருவாய் குறையும் என்று மெட்டாவே கணித்தது. அதே மக்கள்தான், அதே போன்தான். அதற்கு முன்பு மறுக்க வேண்டுமானால் அமைப்புகளுக்குள் நான்கைந்து படி இறங்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு தொடுதல் போதும். இன்னொரு பக்கம், அலீசியா மெக்டொனால்ட், லோரி கிரேனர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஓர் ஆண்டில் ஒருவர் பார்க்கும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை எல்லாம் படித்தால் 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைப் படிக்காமல் “ஏற்கிறேன்” என்று அழுத்துபவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஜோசப் டுரோ, நோரா டிரேப்பர் என்ற ஆய்வாளர்கள் இந்த மனநிலையைச் சலித்துப்போய்க் கைவிட்ட நிலை என்று விளக்குகிறார்கள்: விருப்பம் இருக்கிறது, கைக்கு எட்டுகிற வழி இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். வகுப்புகளில் நான் கேட்பதும் இதுதான். “அவர்களிடம் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறதே சார், இனி என்ன?” என்று கேட்பவர் அக்கறை இல்லாதவராக எனக்குத் தெரியவில்லை.

பயம் தவறான திசையில் போவதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. “நாங்கள் குக்கர் வாங்கப் பேசிக்கொண்டிருந்தோம், உடனே குக்கர் விளம்பரம் வந்தது, போன் ஒட்டுக்கேட்கிறது” என்று எந்த வகுப்பிலும் ஒருவர் சொல்வார். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் 17,000-க்கு மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். எதுவும் ரகசியமாக ஒலிப்பதிவு செய்து அனுப்பியதாக அவர்கள் காணவில்லை. ஆனால் சில செயலிகள் பயனரின் திரையில் நடப்பதைப் பதிவுசெய்து வெளியே அனுப்பியதைக் கண்டார்கள். அதை யாரும் சந்தேகித்திருக்கவில்லை. ஒட்டுக்கேட்பது எந்தக் காலத்திலும் நடக்கவில்லை என்று இந்த ஒரு சோதனை நிரூபித்துவிடாது. ஆனால் குக்கர் விளம்பரத்துக்கு ஒலிவாங்கி தேவையில்லை. வீட்டில் இன்னொருவர் தேடியிருப்பார், இருவரும் ஒரே வைஃபையில் இருந்திருப்பீர்கள், கடையில் போன் நம்பர் கொடுத்திருப்பீர்கள்; அவ்வளவு போதும்.

பயத்தைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய கவலை வேறு. பாதுகாப்பைப் பற்றிய அச்சமே இன்று மோசடிக்காரர்களின் கருவியாகிவிட்டது. ‘டிஜிட்டல் கைது’ என்று சொல்லப்படும் மோசடி எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். உங்கள் எண் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9-ஐ அழுத்தவும் என்று பதிவுசெய்த குரல் வருகிறது. அழுத்தினால் ஓர் அதிகாரி. உங்கள் ஆதாரை வைத்து யாரோ சிம் கார்டு வாங்கியிருக்கிறார்கள், வங்கிக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள் என்கிறார். மேலே சொன்ன சலிப்பும் சந்தேகமும் உள்ளவருக்கு இது உடனே நம்பும்படியாக இருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்து எங்கெல்லாமோ கொடுத்தோமே என்று அவரே நினைத்துக்கொள்கிறார். பிறகு வீடியோ அழைப்பு, சீருடை, பின்னால் சின்னம் பொறித்த சுவர், கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லும் உத்தரவு, சரிபார்ப்புக்காகப் பணத்தை ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்லுதல். வங்கிக் கிளைகளில் வேலை செய்வோர் விவரிக்கும் காட்சி ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற ஒருவர் நிரந்தர வைப்பைப் பாதியில் உடைக்க வருகிறார். எதற்கு என்று கேட்டால் மகனுக்கு வீடு வாங்க என்கிறார். சட்டைப் பையில் போன் நிமிர்ந்து நிற்கிறது, அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் ஒரு தாளில் “யாராவது மிரட்டுகிறார்களா?” என்று எழுதி நகர்த்தினால்தான் அவர் கண் கலங்குகிறது. நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். இருந்தும் பணம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் தன்னைப் பாதுகாத்துக்கொள்வதாக நம்புகிறார். ஆகவே உங்கள் தம்பி வீட்டில் தினமும் பயமுறுத்துவது அப்பாவைப் பாதுகாக்காது. பயந்த மனிதர் அடுத்து வரும் அதிகாரக் குரலுக்குத்தான் சீக்கிரம் பணிவார்.

கண்ணுக்குத் தெரியாத ஓர் எதிர்வினையும் இருக்கிறது: ஒதுங்கிக்கொள்வது. எட்வர்ட் ஸ்னோடன் 2013 ஜூனில் அமெரிக்க அரசின் கண்காணிப்பை வெளியிட்ட பிறகு, பயங்கரவாதம் தொடர்பான விக்கிப்பீடியா கட்டுரைகளைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது என்று ஆய்வாளர் ஜான் பென்னி 2016-ல் காட்டினார். படிப்பது குற்றமில்லை, இருந்தும் படிக்காமல் விட்டார்கள். நம் பக்கத்தில் இதற்கு வேறு முகம். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்களிடம் நித்யா சாம்பசிவன் குழுவினர் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. அந்தப் பெண்களுக்குத் தனியுரிமைச் சிக்கல் நிறுவனங்களோடு அல்ல, வீட்டோடு. போன் கேட்டால் கணவரிடமோ மாமியாரிடமோ பிள்ளையிடமோ கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுப்பதற்கு முன் சில செய்திகளை, சில படங்களை, தேடியவற்றை அழித்துவிட்டுக் கொடுக்கிறார்கள், அல்லது சில செயலிகளுக்கு மட்டும் தனிப் பூட்டு போட்டுவைக்கிறார்கள். சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் நான் பார்ப்பதும் அதேதான். செயலியை எப்படி மறைத்து வைப்பது என்று சன்னமான குரலில் கேட்கும் பெண்ணுக்கு மெட்டாவைப் பற்றிப் பாடம் எடுப்பதில் அர்த்தமில்லை. உங்கள் அப்பா ரகசியம் இல்லை என்கிறார். அம்மாவிடமும் ஒருமுறை தனியாகக் கேட்டுப் பாருங்கள். பதில் வேறாக இருக்கலாம்.

அப்பாவின் வாதத்துக்கு நான் கொள்கை பேசிப் பதில் சொல்ல மாட்டேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்ததும், 2023-ல் அதற்கென ஒரு சட்டம் வந்ததும் பெரிய விஷயங்கள். ஆனால் வீட்டுக் கூடத்தில் அவை எடுபடாது. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு அவரோடு ஒருமுறை போங்கள். பிரிண்ட் வேண்டுமானால் சுவரில் ஒட்டியிருக்கும் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கோப்பை அனுப்பச் சொல்வார்கள். கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் நாள் முழுக்கத் திறந்திருக்கும். திரை வாடிக்கையாளர் பக்கம் பாதி திரும்பியிருக்கும். பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்தால் ஆதார், பான், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், யாரோ ஒருவரின் கருவுற்ற கால ஸ்கேன் அறிக்கை என்று மாதக்கணக்கில் அடுக்கியிருக்கும். கடைக்காரர் கெட்டவர் இல்லை. அழிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அழிக்கச் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளரும் இல்லை. பிரிண்ட் கைக்கு வந்ததும் “அண்ணே, அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்” என்று கேட்டு, அவர் அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் கேட்டவரை எந்தக் கடைக்காரரும் முகம் சுளித்ததில்லை.

ஆதார் பிரதி விஷயத்தில் மக்கள் குழம்புவதற்கு அதிகாரிகளும் காரணம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், கண்ட இடங்களில் பிரதி கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று திரும்பப் பெற்றார்கள். எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் பிரதியை ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். அடையாளம் காட்ட மட்டும் கேட்கும் இடங்களில் அதைக் கொடுங்கள். எண் மட்டும் தெரிந்தால் பணம் போய்விடும் என்று சொல்வது மிகை. எண்ணோடு கைரேகையும் சேர்ந்தால் நிலைமை வேறு. ஆதார் வழிப் பணம் எடுக்கும் சேவைக்கு ஓடிபி தேவையில்லை. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளைப் பிரதியெடுத்துப் பணம் எடுத்ததாகச் சில மாநிலங்களில் போலீஸ் வழக்குகள் இருக்கின்றன.

இனி, எதில் தொடங்குவது. செய்தி வந்து வீடே பேசிக்கொண்டிருக்கும் அந்த ஒரு வாரத்தில், ஒருமுறை செய்தால் நிலைத்துவிடும் மாற்றங்களை மட்டும் செய்துவிடுங்கள். தினமும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லும் அறிவுரை எதுவும் பத்து நாள் தாங்காது. வீட்டில் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் இருபடிச் சரிபார்ப்புக்கான ஆறிலக்க எண்ணைப் போட்டுவிடுங்கள். இணைத்துள்ள சாதனங்களின் பட்டியலைத் திறந்து, தெரியாத கணினி ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். பேக்கப்புக்கும் மறையாக்கத்தை இயக்கலாம், ஆனால் அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் பேக்கப் திரும்பக் கிடைக்காது. அப்பாவுக்குச் செய்வதானால் நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். வீட்டு நோட்டில் எழுதுவது தவறு என்று பயமுறுத்துவார்கள்; நம் வீடுகளில் வரும் ஆபத்து இணையத்தின் வழியாக வருகிறது, பீரோ வழியாக அல்ல. ஆனால் மேலே சொன்னது போல வீட்டுக்குள்ளேயே சிக்கல் உள்ளவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றும் வழக்கத்தை விட்டுவிடலாம். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதான். மின்னஞ்சல் கணக்குக்கு மட்டும் வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான ஒன்றை வையுங்கள், ஏனென்றால் மற்றக் கணக்குகளை மீட்கும் வழி அங்கேதான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, செயலி, தொடாதீர்கள்.

பணம் போய்விட்டால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், உடனே வங்கிக்கும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணத்துக்கு, வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் புகார் செய்யும் வரை ஏற்படும் இழப்பு உங்களுடையது. புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. இதைச் சொல்லக் காரணம், ஏமாந்தவர்கள் வெட்கத்தால் ஓரிரு நாள் வாய் திறப்பதில்லை. வீட்டில் யாருக்கு நடந்தாலும் திட்டமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்த யோசனைக்குத் தொழில்நுட்பமே தேவையில்லை. பலன் அதிகம் தருவதும் இதுதான்.

சிக்னலை நீக்க வேண்டாம். முழுக் குடும்பமும் வர வேண்டியதில்லை; நீங்களும் தம்பியும் அம்மாவும் மருத்துவம், பணம் சார்ந்தவற்றை மட்டும் அதில் பேசிக்கொண்டால் போதும். கடைசியாக, அப்பாவின் ஆதாரில் கைரேகைப் பூட்டைப் போடுங்கள், ஆதார் ஆணையத்தின் செயலியிலேயே அந்த வசதி இருக்கிறது. ஆனால் ரேஷன் கடையில் விரல் வைக்கப் போகும் நாளிலும், ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதத்திலும் அதைத் தற்காலிகமாகத் திறந்துவிட மறக்காதீர்கள். வரிசையில் நின்று, ரேகை ஏற்கவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் எதையும் அவர் கேட்க மாட்டார்.